உண்ட பொழுதும் உற்ற நோயும்: சீலியாக் நோய் பற்றி ஒரு நோக்கு

தமிழ்த்துறை மலரில் மருத்துவக் கட்டுரைக்கு இடமுண்டோ என்று சிலர் வினவக்கூடும். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருபவர் நாம். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வள்ளுவர் வகுத்த திறத்தை மாணவர்க்கு எடுத்துரைக்கும்போதெல்லாம், முதல் மூன்றையே விரித்துப் பேசி நான்காமவரை ஒரு வரியில் கடந்து விடுவது எம் வழக்கம். அந்த நான்காமவர் பெரும்பாலும் அடுப்படியில் நிற்பவர் என்பதையும், அவர் அறியாமல் செய்வது மருந்தையும் மருத்துவரையும் தோற்கடிக்கும் என்பதையும் எமக்கு உணர்த்தியது எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும்.

எம் தங்கை குடும்பத்துடன் டில்லியில் வாழ்ந்து வருகிறார். அவருடைய மகளுக்கு இப்போது வயது 11. ஒன்பது வயதில் அக்குழந்தை வளர்ச்சி குன்றி, எத்தனை இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் இரத்தசோகை நீங்காமல் இருந்தாள். அங்குள்ள மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் திசு ஆய்வும் செய்து, இது சீலியாக் நோய் என்று உறுதி செய்தனர். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் அவற்றால் ஆன எதையும் வாழ்நாள் முழுவதும் உண்ணலாகாது என்பதே அவர்கள் எழுதித் தந்த மருந்துச் சீட்டு. இரண்டாண்டுகள் இந்நெறி வழுவாமல் நடந்தது; குழந்தையும் தேறினாள்.

சென்ற ஆண்டு எம் குடும்பத் திருமணத்திற்கு அவர்கள் ஊருக்கு வந்திருந்தனர். நெய்ச்சோறும் தால்ச்சாவும் இருக்கும் பந்தியில் அச்சம் எதற்கு என்று அனைவரும் எண்ணியிருந்தோம். ஆனால் பிரெட் அல்வாவை மறந்து விட்டோம். பரிமாறியவர் அன்போடு இரண்டு கரண்டி வைக்க, குழந்தையும் இனிப்புத்தானே என்று உண்டு விட்டாள். தங்கை பதறிப்போய் அன்றிரவு முழுதும் விழித்திருந்தார். குழந்தையோ நன்றாக உறங்கினாள். மறுநாள் காலை எம் அன்னையார் எம்மிடம் கேட்டார்: "ஒண்ணும் ஆகலையே தம்பி! ராத்திரி முழுக்க நல்லாத்தானே தூங்குச்சு புள்ள. இனிமே கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கினா என்ன?"

எம்மிடம் விடை இல்லை. நஞ்சு என்றால் உண்டவுடன் வேலை செய்ய வேண்டும். செய்யவில்லையெனில் அது நஞ்சன்று என்பது அன்னையாரின் வாதம். கேட்பதற்கு நேர்மையான வாதமே. அதற்கு விடை தேடி, மருத்துவரான நண்பர் ஒருவரிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் நாம் அறிந்தவற்றை இவண் தொகுத்துரைக்கின்றோம்.

பெயரும் நோயும்

'சீலியாக்' என்னும் சொல் வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கப்படோசியா நாட்டு மருத்துவர் அரேத்தியஸ், உண்டது செரியாமல் கழிந்து உடல் மெலியும் ஒரு நெடுநாள் நோயை இப்பெயரால் விவரித்தார். 'குளூட்டன்' என்பது பசை எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பரோட்டா மாவு இழுக்க இழுக்க நீள்வதற்கும், ரொட்டி மாவு உப்பி எழுவதற்கும் காரணமான கோதுமைப் புரதமே குளூட்டன். அரிசி மாவைப் பிசைந்து எவரும் பரோட்டா வீச இயலாது. அதில் இப்பசை இல்லை.

இப்புரதம் பிறர்க்கு எத்தீங்கும் செய்வதில்லை. ஆனால் சில குறிப்பிட்ட மரபணு வகைகளை உடையவருள் ஒரு சிறு பகுதியினர்க்கு மட்டும் இது பகையாகி விடுகிறது. குளூட்டனின் சில துண்டுகள் இரைப்பை நீருக்கும் கணைய நீருக்கும் கரையாதவை. 33 அமினோ அமிலங்கள் கோத்த அத்தகைய துண்டு ஒன்றை ஆய்வாளர்கள் 2002இல் இனங்கண்டனர். செரிக்கப்படாத இத்துண்டுகள் குடற்சுவருக்குள் புகும்போது, அங்குள்ள நொதி ஒன்று அவற்றைச் சற்றே மாற்றியமைக்கிறது. மாறிய அவ்வடிவத்தை டி-செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் பகையெனக் கருதிப் போர் தொடுக்கின்றன. போர்க்களமோ நம் சிறுகுடல். உணவின் சத்தை உறிஞ்சுவதற்காக விரல்கள் போல் நீண்டு நிற்கும் குடலுறிஞ்சிகள் இப்போரில் தேய்ந்து மழுங்குகின்றன. சத்து உடலில் சேராமையால் இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, எலும்பு மெலிவு, வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம் முதலியன தொடர்கின்றன. அரிப்புடன் கூடிய கொப்புளங்கள் தோலில் தோன்றுவோரும் உளர்.

ஆகவே இது நஞ்சு செய்யும் வேலையன்று. உடல் தன்னைத்தானே தாக்கிக் கொள்வதன் விளைவு. இந்த வேறுபாட்டில்தான் எம் அன்னையாரின் வினாவுக்கான விடை அடங்கியிருக்கிறது.

ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒளிந்திருந்த காரணம்

மணிமேகலை பேசும் தருக்க அளவைகளுள் புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்தல் மாணவர் அறிந்ததே. புகை அடுப்பிலிருந்து உடனே எழுவதால் அவ்வுணர்தல் எளிதாகிறது. இன்று மூட்டிய நெருப்பின் புகை அடுத்த மாதம் வேறொரு வீட்டுக் கூரையில் எழுமாயின் எவரால் உய்த்துணர இயலும்? சீலியாக் நோயின் வரலாறு அத்தகையது.

1887இல் இலண்டனில் சாமுவேல் கீ என்னும் மருத்துவர் இந்நோயைப் பற்றி விரிவுரை ஆற்றினார். அது மறு ஆண்டு அச்சேறியது. நோயுற்ற குழந்தைக்கு நலம் உண்டாகுமேல் அது உணவு வழியாகவே உண்டாகும் என்று அவர் உறுதியாகக் கண்டார். அந்த அளவில் அவர் கண்டது முற்றிலும் உண்மை. ஆனால் எந்த உணவு என்பதில் அவர் தடுமாறினார். அரிசி ஆகாது என்று விலக்கிய அவர், மெல்லியதாக அறுத்து இருபுறமும் நன்கு வாட்டிய ரொட்டியைக் கொடுக்கலாம் என்றார்! விலக்க வேண்டியதைக் கொடுத்துக் கொடுக்க வேண்டியதை விலக்கிய இப்பிழையை எண்ணும்போது, அரிசிச் சோறு உண்டு வளர்ந்த நமக்கு ஒருபுறம் நகையும் மறுபுறம் இரக்கமும் தோன்றுகின்றன. கடற்சிப்பி இறைச்சியை நாள்தோறும் உண்டு ஒரு குழந்தை நன்கு தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நலிந்ததையும் கூட அவர் பதிவு செய்துள்ளார். 1924இல் நியூயார்க் நகரில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ உணவால் குழந்தைகளைத் தேற்றினார். பெருமை வாழைப்பழத்திற்குச் சென்றது. வாழைப்பழம் தின்ற குழந்தைகள் ரொட்டி தின்னவில்லை என்பதே நலத்தின் காரணம் என்பதைப் பின்னாளில்தான் உலகம் அறிந்தது.

உண்மையை நிறுவியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. தி ஹேக் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1930களிலேயே கோதுமையின் மேல் ஐயம் கொண்டு கோதுமையில்லா உணவை முயன்று பார்த்தார். பின்னர் இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டின் மேற்குப் பகுதியைக் கொடும் பஞ்சம் தாக்கியது. 'பசிக் குளிர்காலம்' என்றே அதை இன்றும் அம்மக்கள் அழைக்கின்றனர். ரொட்டி கிடைக்காமல் மக்கள் துலிப் மலர்க் கிழங்கை வேகவைத்து உண்டனர். ஊரே மெலிந்து வாடிய அந்நாளில் சீலியாக் குழந்தைகள் மட்டும் முன்னினும் நலமாக இருந்தனர். போர் முடிந்து ரொட்டி வந்தது. நோயும் உடன் வந்தது. பஞ்சமே இந்நோயின் காரணத்தைக் காட்டியது என்று கதை போலச் சொல்வாருண்டு. பஞ்சத்திற்கு முன்பே ஐயம் எழுந்திருந்தது என்பதை மறத்தல் தகாது. பஞ்சம் அதனை வலுவாக்கிற்று. வெய்யர்ஸ், வான் டி காமர் ஆகியோருடன் கூடி, மலத்தில் கழியும் கொழுப்பை அளந்து, கோதுமை கொடுத்தால் அக்கொழுப்பு மிகுவதையும் நிறுத்தினால் குறைவதையும் டிக்கே மெய்ப்பித்தார். 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு இதனை நிறுவியது.

சாமுவேல் கீ அறிவிற் குறைந்தவர் அல்லர். குழந்தைகளைக் கூர்ந்து நோக்கியவர். எனினும் அவர் காணாததை உலகம் காண ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வாட்டிய ரொட்டி தின்ற குழந்தை அப்பொழுதே துடித்திருந்தால் அவர் அன்றே கண்டறிந்திருப்பார் என்பது எம் கருத்து. உண்டதற்கும் உற்றதற்கும் இடையே நின்ற கால இடைவெளியே உண்மையை மறைத்த திரை.

எப்போது தோன்றும்?

இவ்வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. உணர்வில் தோன்றுவது வேறு. குடலில் நிகழ்வது வேறு. இரத்தத்தில் தெரிவது வேறு. இம்மூன்றும் ஒரே பொழுதில் நிகழ்வன அல்ல.

முதலில் உணர்வைக் காண்போம். கோதுமையை நெடுநாள் விலக்கி வாழும் சீலியாக் நோயாளர்கள் அறியாமல் அதனை உண்ண நேர்ந்தால் எப்போது உடல் நலிகிறது என்று கனடாவின் மானிட்டோபா மாநிலத்தில் கேட்டறிந்து 2016இல் வெளியிட்டனர். பத்து நிமிடத்தில் உணர்ந்தவரும் உண்டு. 48 மணி நேரம் கழித்து உணர்ந்தவரும் உண்டு. நடுவண் அளவு ஒரு மணி நேரம். தொல்லை நீடித்ததும் அவ்வாறே: ஒரு மணி நேரம் முதல் எட்டு நாள் வரை. இது அவரவர் நினைவிலிருந்து சொன்னது. உண்மையில் அவர்கள் உண்டது குளூட்டன்தானா என்பதும் ஐயத்திற்குரியது.

அந்த ஐயம் நீங்க, அளந்து கொடுத்துச் சோதித்த ஆய்வுகளும் உள்ளன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பங்கேற்று 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், குளூட்டன் உண்ட ஓரிரு மணி நேரத்திலேயே பலர்க்குக் குமட்டலும் வாந்தியும் உண்டாயின. டி-செல்கள் விழித்துக் கொண்டதைக் காட்டும் இன்டர்லூக்கின்-2 என்னும் பொருள் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் ஏறத் தொடங்கி, ஏறத்தாழ நான்காம் மணியில் உச்சத்தை எட்டியது. குளூட்டனால் விளையும் தொல்லை நாட்கணக்கில்தான் வரும் என்று கருதியிருந்தோர்க்கு இது வியப்பளித்தது. நெடுநாள் விலக்கியிருந்தவர்க்கு விரைந்து வரும் என்பதே இதன் பொருள். நாள்தோறும் கோதுமை உண்டு வரும், நோயறியாத ஒருவர் இத்தகைய கூர்மையான குறியை உணராமலே ஆண்டுக்கணக்கில் வாழ்தல் கூடும். எவ்வளவு உண்டாலும் வயிற்றில் எத்தொல்லையும் இல்லாதவரும் உளர். அவர்கள் குடலும் தேய்கிறது. ஆனால் வாய் பேசவில்லை.

உணர்வு இவ்வாறாக, குடலின் கணக்கு வேறு. பாஸ்டன் நகரில் இருபது பேரைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு எமக்கு மிகவும் தெளிவு தந்தது. அவர்கள் நாளொன்றுக்கு 3 கிராம் அல்லது 7.5 கிராம் குளூட்டனை இரண்டு வாரம் உண்டனர். மூன்றாம் நாளுக்குள் வயிற்றுத் தொல்லைகள் மிகுந்தன. பதினான்காம் நாள் குடலுறிஞ்சிகள் குறுகியிருந்தன. ஆனால் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் அன்று சிறிதே உயர்ந்திருந்தது. 28ஆம் நாளில், அதாவது குளூட்டனை நிறுத்தி இரண்டு வாரம் சென்ற பின்னரே அது பெரிதும் ஏறியது. அந்த 28ஆம் நாளிலோ வயிற்றுத் தொல்லை பழைய நிலைக்குத் தணிந்து விட்டது. தொல்லை ஓய்ந்த நாளில் இரத்தம் சான்று கூறுகிறது. இதைப் படித்தபோது, உறங்கும் குழந்தையைக் கண்டு ஒன்றும் ஆகவில்லை என்று நாம் முடிவு கட்டுவது எத்துணைப் பிழை என்பது விளங்கிற்று.

'கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குதல்' என்பதற்கும் இத்தாலியர் தலைமையில் 2007இல் வெளிவந்த ஆய்வில் விடை உள்ளது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் வீதம் மூன்று மாதம் உண்டவர்களின் குடலில் தேய்வு காணப்பட்டது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் உண்டு என்று கொண்டால், 50 மில்லிகிராம் என்பது அதில் நாற்பதில் ஒரு பங்கு. விரல் நுனியில் ஒட்டும் துணுக்கு. மிளகாய்க் காரத்தையும் பாகற்காய்க் கசப்பையும் நா பழகிக் கொள்ளும். குடல் இதனைப் பழகிக் கொள்வதில்லை. பழகியது போலத் தோன்றுவது உணர்வின்மையே.

தேய்ந்த குடல் மீள்வதும் காலம் பிடிக்கும் செயலாகும். குழந்தைகள் விரைவில் மீள்கின்றனர். பெரியவர்களுக்கு அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வின்படி, உணவு நெறி தொடங்கி இரண்டாண்டில் 34 விழுக்காட்டினர்க்கும் ஐந்தாண்டில் 66 விழுக்காட்டினர்க்குமே குடல் மீண்டது உறுதியாயிற்று. அழிவதற்கு வாரங்கள், ஆவதற்கு ஆண்டுகள்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். கோதுமை உண்ட சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு எழுதல், உதடு வீங்குதல், மூச்சுத் திணறுதல் ஆகியன நிகழ்ந்தால் அது சீலியாக் அன்று. கோதுமை ஒவ்வாமை என்னும் வேறு நோய். அதற்குக் காத்திருத்தல் ஆகாது. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பரிசோதனைக்கு முன் செய்யும் பிழை

எம் மாணவர் ஒருவர், நாளிதழ் ஒன்றில் குளூட்டன் தீது என்று படித்துவிட்டு, வயிறு உப்புகிறது என்பதற்காகத் தாமே கோதுமையை நிறுத்தி, நான்கு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்து கொண்டார். நோய் இல்லை என்று முடிவு வந்தது. அம்முடிவால் பயனில்லை என்று மருத்துவர் கூறினாராம். எதிர்ப்பொருள் இரத்தத்தில் ஏறக் காலம் பிடிப்பது போலவே, குளூட்டனை நிறுத்தினால் மாதக்கணக்கில் இறங்கியும் விடும். ஆகையால் சோதிக்கும் நாளில் நோயாளர் வழக்கம்போல் கோதுமை உண்டு வருபவராக இருத்தல் வேண்டும். முன்பே நிறுத்தியவர் மீண்டும் குறைந்தது ஆறு வாரம், நாளில் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு உண்ட பின்னரே சோதிக்க வேண்டும் என்பது பிரிட்டனில் வழங்கும் நெறி. எத்தனை நாள், எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்தல் நன்று. நோய் உறுதியான வீட்டில் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் சோதித்துக் கொள்ளுதல் வேண்டும். அவர்களுள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்க்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர்.

நம் நாட்டு நிலை

இது மேலைநாட்டார் நோய் என்று கருதுவோர்க்கு 2016இல் வெளியான இந்திய ஆய்வு விடை தருகிறது. வட, வடகிழக்கு, தென் இந்தியப் பகுதிகளில் 23 ஆயிரத்திற்கும் மேற்பட்ட நலமுள்ள பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்ததில், இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 விழுக்காட்டினர்க்கும் வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினர்க்கும் தெற்கில் 0.10 விழுக்காட்டினர்க்கும் காணப்பட்டது. நோய்க்கு இடந்தரும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்க்கு உண்டு. அதில் பெரும் வேறுபாடு இல்லை. வேறுபாடு தட்டில் இருந்தது. நாளொன்றுக்கு உண்ணும் கோதுமை வடக்கில் சராசரி 455 கிராம். தெற்கில் 25 கிராம். மாலைதோறும் பரோட்டாக் கடை நிரம்பும் நம் ஊர்களையும், சர்க்கரை நோய்க்கு அஞ்சி இரவில் சப்பாத்திக்கு மாறிய எம் வயதினரையும் காணும்போது, இக்கணக்கு இனியும் இவ்வாறே நிற்குமா என்னும் ஐயம் எழாமல் இல்லை.

அடுப்படிச் செய்தி

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு ஆகியவற்றில் கோதுமைக் குளூட்டன் இல்லை என்பது தமிழர்க்குக் கிடைத்த நற்பேறு. நோன்புக் கஞ்சியும் இடியாப்பமும் அச்சமின்றி உண்ணத் தக்கவை. ரவை, மைதா, சேமியா ஆகியவை கோதுமையே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சம்பா கோதுமை உடலுக்கு நல்லதாயிற்றே என்று கேட்பவர் பலர். அதுவும் கோதுமைதான். ஊர் மாவு மில்லில் ஒருவர் கோதுமை அரைத்துச் சென்ற பின் அதே எந்திரத்தில் அரைக்கும் அரிசி மாவும் தூயதன்று. உலக அளவிலும் நம் நாட்டிலும் 'குளூட்டன் அற்றது' என்று அச்சிட, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கலாகாது என்பது வரம்பு. இவ்வரம்பை எண்ணினால் மில்லில் ஒட்டிய மாவின் கனம் விளங்கும்.

இவற்றையெல்லாம் படித்தறிந்த பின் அன்னையாரிடம் சென்று ஒவ்வொன்றாக எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டவர் முடிவில் ஒரே வினா எழுப்பினார்: "அப்ப அந்த அல்வா புள்ளைக்குக் கெடுதல் செஞ்சுச்சா, செய்யலையா?" உண்மையைச் சொன்னோம். திருமணம் முடிந்த மூன்றாம் நாள் டில்லி செல்லும் இரயிலில் குழந்தைக்கு வயிற்று வலி வந்தது. அல்வாவால் வந்ததா, இரயில் உணவால் வந்ததா என்று எவராலும் கூற இயலாது. ஒருமுறை உண்ட சிறிதளவு, பின்னர் செய்யும் இரத்தப் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம்.

அன்னையார் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று, அடுப்படியிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்து வந்து எம் கையில் கொடுத்து, பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். அதில் கோதுமை மாவு என்று அச்சிட்டிருந்தது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றிலும், கட்டியாக விற்பதிலும் கூட இக்கலப்பு உண்டு என்பதை அன்றுவரை நாம் அறிந்திருக்கவில்லை. குழந்தை ஊரில் இருந்த அந்த ஆறு நாளும் ரசத்திலும் சாம்பாரிலும் அதைத்தான் போட்டோம். மே விடுமுறைக்குக் குழந்தை வருகிறாள். இடியாப்ப மாவை மில்லுக்கு அனுப்பாமல் வீட்டுத் திரிகையிலேயே அரைத்துக் கொள்வதென்று அன்னையார் முடிவு செய்திருக்கிறார். பரண் மேல் கிடந்த திரிகையைச் சென்ற வாரம் நாமே இறக்கி வைத்தோம்.